கைண்ட் ஆஃப் ப்ளூ கேட்டாச்சு, அடுத்து என்ன? பக்கவாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போகும் வழி

கீழ்ஸ்தாயி:

ஜாஸ் பக்கம் வருகிற முக்கால்வாசிப் பேர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ என்ற இசைத்தட்டில்தான் இறங்குகிறார்கள். நல்ல படித்துறைதான். சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. மைல்ஸ் பிடித்துவிட்டது என்று அவர் பெயரையே தேடிப் போய், நேராக பிட்சஸ் ப்ரூவில் விழுந்து, "இது நமக்கு ஒத்துவராதுப்பா" என்று கரையேறிவிடுகிறார்கள். 1959-இல் வந்த தட்டுக்கும் 1970-இல் வந்த தட்டுக்கும் அட்டையில் உள்ள பெயர் ஒன்று, அவ்வளவே. ஆட்கள் வேறு, வாத்தியங்கள் வேறு, தாளம் வேறு.

கச்சேரிக்குப் போகிறவர் மிருதங்கம் யார், வயலின் யார் என்று பார்த்துத்தானே கிளம்புவார்? அதையே இங்கும் செய்யுங்கள். கைண்ட் ஆஃப் ப்ளூவில் டிரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸ் (சாக்ஸஃபோன்) ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸ் கேனன்பால் ஆடர்லி, பியானோ பில் எவன்ஸ் (ஃப்ரெடி ஃப்ரீலோடர் என்ற உருப்படியில் மட்டும் வின்டன் கெல்லி), டிரம்ஸ் ஜிம்மி காப், டபுள் பேஸ் பால் சேம்பர்ஸ். இந்தக் கடைசி ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1969-இல் 33 வயதில் இறந்துபோனவர். அதற்குள் அந்தக் காலத்து நல்ல தட்டுகளில் பாதியில் வாசித்துவிட்டார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

என் வரிசை இது. முதலில் ஹேங்க் மோப்லியின் சோல் ஸ்டேஷன், 1960 பிப்ரவரி. சேம்பர்ஸும் வின்டன் கெல்லியும் அதே ஆட்கள், டிரம்ஸுக்கு ஆர்ட் பிளேக்கி. ஒரே ஒரு சாக்ஸ்தான், அதனால் யார் வாசிக்கிறார் என்ற குழப்பமே கிடையாது. 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ'வை இரண்டு தடவை போடுங்கள்: முதல் தடவை மோப்லியைக் கேளுங்கள், இரண்டாம் தடவை அவரை விட்டுவிட்டு பேஸை மட்டும். சேம்பர்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் வைத்து நடப்பார். ஸ்வரக்கூட்டு (கார்ட்) மாறப்போகிறது என்பதை அதற்கு முந்தைய அடியிலேயே அவர் விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு பியானோக்காரர் சானி கிளார்க்கின் கூல் ஸ்ட்ரட்டின் (1958), பேஸ் சேம்பர்ஸ்தான். அதன்பின் ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன் (1957): அமெரிக்க மேற்குக் கரை ஆல்டோ சாக்ஸ்காரர் ஒருவர், மைல்ஸின் பியானோ-பேஸ்-டிரம்ஸ் மூவரோடு லாஸ் ஏஞ்சலீஸில் பதிந்தது. பில் எவன்ஸின் வாசிப்பு பிடித்தவர்கள் ஆலிவர் நெல்சனின் த ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்துக்கு (1961) நேராகப் போகலாம். எவன்ஸும் சேம்பர்ஸும் அதில் மறுபடி சேர்கிறார்கள். கிடார் விரும்பிகளுக்கு வெஸ் மான்ட்கோமரியின் ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட் (1965). கெல்லி, சேம்பர்ஸ், காப் மூன்று பேரும் ஒன்றாக. பெயரைப் பார்த்து முழுக்க மேடைக் கச்சேரி என்று நினைக்க வேண்டாம்: முதல் பக்கம்தான் ஹாஃப் நோட் கிளப், இரண்டாம் பக்கம் ஒலிப்பதிவாளர் வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிந்தது.

புதுக்காது:

கீழ்ஸ்தாயி சார், மூன்று சந்தேகம். ஃபோனில் போட்டால் பேஸே கேட்கவில்லை, "டுப் டுப்" என்று ஒரு நிழல் மாதிரி மட்டும். இரண்டு சாக்ஸில் எது கோல்ட்ரேன், எது கேனன்பால் என்றும் பிடிபடவில்லை. அப்புறம், ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊசிமுனை:

முதல் இரண்டுக்கு நான் சொல்கிறேன்.

டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். உங்கள் காதில் விழுவது மேல்ஸ்தாயி நிழல்கள்தான். காதுக்குள் அடைத்து உட்காரும் இயர்ஃபோன் விலை குறைவானதானாலும் போதும். ரப்பர் முனை சரியான அளவில் இருக்க வேண்டும். காற்று கசிந்தால் முதலில் காணாமல் போவது பேஸ். அதற்காக ஈக்வலைசரில் 'பேஸ் பூஸ்ட்' போட்டுவிடாதீர்கள். நூறு ஹெர்ட்ஸ் பக்கம் எல்லாமே வீங்கி, தனித்தனியாக நடக்க வேண்டிய சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்குச் சரி, சேம்பர்ஸுக்கு அது விஷம்.

சாக்ஸ்: கைண்ட் ஆஃப் ப்ளூவின் ஸ்டீரியோ பதிவில் கோல்ட்ரேன் இடது காது, கேனன்பால் வலது காது, மைல்ஸ் நடு. இயர்ஃபோனை இடம் மாற்றி மாட்டாமல் இருந்தால் சரி. இது பழகியபின் குரலை வைத்தே பிரித்துவிடலாம்: டெனர் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, ஆல்டோ மேலே, துள்ளலோடு.

ப்ளூ நோட் கம்பெனித் தட்டுகளில் (சோல் ஸ்டேஷன், கூல் ஸ்ட்ரட்டின் மாதிரி) வேறொரு தொல்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோவில் சாக்ஸ் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலும் ஒதுங்கி நிற்கும். அறையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் உறுத்தாது, இயர்ஃபோனில் தலை வலிக்கும். ஃபோன் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும். அதைப் போடுங்கள். கேட்டு முடித்ததும் அணைக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று: ஷஃபிளையும் தானாக அடுத்தது ஓடுவதையும் நிறுத்துங்கள். சிடி காலத்தில் கூடுதலாகச் சேர்த்த மாற்றுப் பதிவுகள் ஆப்களில் ஆல்பத்தோடு ஒட்டி ஓடும். கைண்ட் ஆஃப் ப்ளூவில் ஐந்தாவதோடு நிறுத்த வேண்டும். ஆறாவதாக வரும் ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ் மாற்றுப் பதிவு நல்லதுதான், ஆனால் அதைத் தனியாக இன்னொரு நாள் கேளுங்கள்.

ஆர்மோனியம்:

மூன்றாவது கேள்வி என் பக்கம். ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும்.

ஸோ வாட் (கைண்ட் ஆஃப் ப்ளூவின் முதல் உருப்படி): ஒரு சுற்று, அதாவது மெட்டு ஒருமுறை முழுதாகப் போய்வருவது, 32 பார், ஒரு பாருக்கு 4 அடி. ஆக 128 அடி, நம் கணக்கில் 16 ஆவர்த்தனம். ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் ஏதோ முணுமுணுக்கும், அரை நிமிடம். அதை விட்டுவிடுங்கள். பேஸ் கேள்வி கேட்டு மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும் இடத்திலிருந்து தட்டத் தொடங்குங்கள். முதல் 8 ஆவர்த்தனம் 2 கட்டை ஸ்ருதி, அடுத்த 4 ஆவர்த்தனம் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறும், கடைசி 4 மறுபடி 2 கட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் சுற்று முடிந்து, ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒன்று போடுவார். மைல்ஸின் சோலோ அங்கே தொடங்குகிறது. மைல்ஸ் 2 சுற்று, கோல்ட்ரேன் 2, கேனன்பால் 2, எவன்ஸ் 1. இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். தொலைந்துபோனால் பயம் வேண்டாம், ஸ்ருதி அரைக் கட்டை ஏறும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஃப்ரெடி ஃப்ரீலோடர் 12 பார் ப்ளூஸ். 6 ஆவர்த்தனம்: 2 ஸட்ஜத்தில், 1 மத்யமத்தில், 1 மறுபடி ஸட்ஜத்தில், அடுத்தது பாதி பஞ்சமம் பாதி மத்யமம், கடைசி ஒன்று சாதாரண ப்ளூஸில் ஸட்ஜத்துக்குத் திரும்பும். இதில் திரும்பாமல் கைசிகி நிஷாதத்தில் போய் உட்காரும். அந்த நெருடல்தான் இந்த உருப்படியின் அடையாளம்.

ஆல் ப்ளூஸுக்கு ஆதி போட்டால் உதைக்கும். அது ஆறு எண்ணிக்கை, ரூபகம் போடுங்கள், 12 ஆவர்த்தனம். ப்ளூ இன் க்ரீனில் கையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது: சுற்று 10 பார், நடுவில் சிலர் அதையே இரட்டித்து வாசிப்பார்கள். ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸில் நிலையான நீளமே இல்லை. ஐந்து ஸ்வரவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவர் முடிவு.

நம் ஆட்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. நாம் சமத்துக்காகக் காத்திருப்போம். இவர்கள் சமத்தில் வந்து இறங்குவதில் அக்கறை காட்டுவதில்லை. அழுத்தம் 2-லும் 4-லும். டிரம்ஸில் காலால் மிதிக்கும் ஹை-ஹாட் 'ச்சிக்' என்று மூடும் அடிகள் அவை. தாளத்தை நீங்கள் 1-லிருந்து போடுங்கள், காதை மட்டும் 2-4-இல் வையுங்கள்.

சிம்பல் சத்தம்:

கீழ்ஸ்தாயி சொன்ன வழி சரி, பிடித்த ஆள்தான் தப்பு. 😀 பேஸைப் பின்தொடர்ந்தால் 1955-65 என்ற பத்து வருடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். டிரம்ஸைப் பிடித்தால் இன்றுவரை வரலாம். ராய் ஹேன்ஸைப் பிடியுங்கள். 1925-இல் பிறந்தவர், 2024 நவம்பரில் 99 வயதில் போனார்.

மேலே சொன்ன ஆலிவர் நெல்சன் தட்டிலேயே டிரம்ஸ் அவர்தான். அங்கிருந்து பின்னே போனால் 1958-இல் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கோடு, ஃபைவ் ஸ்பாட் கிளப்பில்: மிஸ்டீரியோஸோ. முன்னே வந்தால் 1962-இல் அவர் தலைமையிலேயே அவுட் ஆஃப் தி ஆஃப்டர்நூன். அதில் ரோலண்ட் கிர்க் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழலை வாயில் வைத்து ஊதுவார். பிறகு 1968-இல் சிக் கொரியாவின் நௌ ஹி சிங்ஸ், நௌ ஹி சாப்ஸ். அதில் ஹேன்ஸ் வைத்திருந்தது தட்டையான ரைடு சிம்பல், நடுவில் குமிழே கிடையாது. குமிழ் இல்லாததால் ரீங்காரம் சேர்ந்து மேலே ஏறிவராது, ஒவ்வொரு அடியும் மணல் விழுகிற மாதிரி தனித்தனியாகக் கேட்கும். பியானோ அவ்வளவு வேகமாக ஓடியும் அமுங்காமல் இருப்பதில் அந்தச் சிம்பலுக்குப் பங்குண்டு. பல புது டிரம்மர்கள் இந்தத் தட்டைக் கேட்டுவிட்டுத்தான் தட்டைச் சிம்பல் தேடி அலைகிறார்கள்.

ஆர்மோனியம் சொன்ன 2-4 ஹை-ஹாட்டை ஹேன்ஸ் எப்போதும் மிதித்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் இவரிடம் தாளம் போட்டுப் பழகாதீர்கள், ஜிம்மி காப்பிடம் பழகிவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான தாவல். ஹேன்ஸின் பேரன் மார்கஸ் கில்மோர். அவர் டிரம்ஸ் வாசித்த ஒரு தட்டு பியானோக்காரர் விஜய் ஐயரின் ஹிஸ்டாரிசிட்டி (2009), பேஸ் ஸ்டீஃபன் கிரம்ப். விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அந்தத் தட்டில் ஆண்ட்ரூ ஹில்லின் ஸ்மோக் ஸ்டாக் இருக்கிறது. 1963-இல் ஹில் அதைப் பதிந்தபோது டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர் தாத்தா. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஹில்லின் பதிவில் பேஸ் இரண்டு பேர், அதனால் கீழே ஒரே அடர்த்தி. விஜய்யின் பதிவில் ஒரே பேஸ், கில்மோர் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து விளையாடுகிறார். அதே தட்டில் எம்.ஐ.ஏ.வின் கலாங்கும் உண்டு. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண்ணின் பாட்டு, பியானோ மூவர் கையில்.

ஆர்மோனியம்:

ஸ்மோக் ஸ்டாக் இரண்டும் கேட்டேன், அருமையான ஜோடி.

வேறு ஒரு எச்சரிக்கை. ஸோ வாட்டின் ஸ்வரங்கள் கரகரப்ரியாவுடையவை என்று இந்தப் பக்கம் அடிக்கடி எழுதுகிறார்கள். ஸ்வரஸ்தானம் சரி. ஆனால் கரகரப்ரியாவைத் தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கமகம் கிடையாது, காந்தாரம் அசையாது, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம் எதில் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இல்லை. நாலு ஆவர்த்தனத்துக்கு ஸ்ருதியையே தூக்கி வேறிடத்தில் வைத்துவிடுகிறார்கள், எந்த ராகம் அதைத் தாங்கும்? வழி கண்டுபிடிக்க மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ஸ்தாயி:

ஒப்புக்கொள்கிறேன். தம்புரா காதோடு வருகிறவர்களுக்கு ஸோ வாட்டை விட கோல்ட்ரேனின் நைமா சுலபம். ஜெயண்ட் ஸ்டெப்ஸ் தட்டில் இருக்கிறது, 1959 டிசம்பர் பதிவு. சேம்பர்ஸ் அதில் நடக்கவே மாட்டார், ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார். நடுப்பகுதியில் மட்டும் அதன் பஞ்சமத்துக்கு மாறுவார். மேலே ஸ்வரக்கூட்டு எவ்வளவு மாறினாலும் கீழே ஸ்ருதி அசையாது. அதே தட்டின் முதல் உருப்படியை இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள். மூன்று ஸ்ருதிகள், ஒன்றுக்கொன்று இரண்டு கட்டை இடைவெளி, நிமிடத்துக்கு 280 அடிக்கு மேல். டாமி ஃப்ளானகன் மாதிரி பெரிய பியானோக்காரரே தன் சோலோவில் தயங்கித் தயங்கித்தான் போகிறார், கேட்டாலே தெரியும்.

நைமா பிடித்தால் ஆலிஸ் கோல்ட்ரேனின் ஜர்னி இன் சச்சிதானந்தா (1971). செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் தம்புரா, மேலே ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸ். தலைப்பில் உள்ள சுவாமி சச்சிதானந்தர் கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். கடைசி உருப்படி மட்டும் மேடைப் பதிவு, பேஸும் வேறு ஆள், சார்லி ஹேடன். ஒலி திடீரென்று மாறுவதற்குக் காரணம் அதுதான்.

சிம்பல் சத்தத்துக்கு: பேஸ் பத்து வருடத்தில் முடங்குகிறது என்பதை ஏற்க மாட்டேன். ரான் கார்ட்டர் என்று ஒருவர் இருக்கிறார். அதற்கு வேறு இழை போடலாம்.

ராத்திரி ரேடியோ:

இந்த வழி உதவாத இடம் ஒன்று, யாரும் சொல்லவில்லை. பெரிய இசைக்குழு வைத்திருந்த ட்யூக் எலிங்டன். அவர் ஆட்கள் வேறெங்கும் போனால்தானே பின்தொடர்வது? ஹாரி கார்னி 1927-இல் சேர்ந்து எலிங்டன் இறக்கும் 1974 வரை அங்கேயே பாரிடோன் சாக்ஸ் ஊதினார். இங்கே ஆளை விட்டுவிட்டுப் பதிவைப் பார்த்து வாங்க வேண்டும்.

எலிங்டன் அட் நியூபோர்ட், 1956. டெனர் சாக்ஸ்காரர் பால் கான்ஸால்வஸ் ஒரே மூச்சாக 27 சுற்று ப்ளூஸ் வாசித்த கச்சேரி. ஆர்மோனியம் சொன்ன 6 ஆவர்த்தனக் கணக்கில் போட்டால் 162! ஆனால் அன்று அவர் தட்டுக் கம்பெனியின் மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்காரர்களின் மைக்கில் ஊதிவிட்டார். அதனால் பழைய தட்டில் சாக்ஸ் எங்கோ தூரத்தில் கேட்கும்; போதாததற்கு அந்தத் தட்டில் பாதிக்குமேல் பிறகு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டிச் சேர்த்தது. அந்த வானொலியின் நாடா கிடைத்தபின் இரண்டையும் இணைத்து 1999-இல் வந்த இரட்டை சிடிப் பதிப்பில்தான் உண்மையான கச்சேரி இருக்கிறது. ஆப்பில் தேடும்போது பெயரில் 'கம்ப்ளீட்' என்று இருப்பதை எடுங்கள்.

புதுக்காது:

ஸோ வாட்டை இரண்டு தடவை கையால் போட்டுப் பார்த்தேன், கேனன்பால் வரைக்கும் தாக்குப்பிடித்தேன்! அப்படியே இதையும் சொல்லுங்கள்: கைண்ட் ஆஃப் ப்ளூவிலும் இப்படிப் பதிப்புக் குளறுபடி உண்டா? எல்பி வாங்க ஆசை.

ஊசிமுனை:

உண்டு, பிரபலமானது. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தை (ஸோ வாட், ஃப்ரெடி ஃப்ரீலோடர், ப்ளூ இன் க்ரீன்) பதிந்த டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் ஸ்ருதி அரைக் கட்டையில் ஏறக்குறைய பாதி ஏறிவிடும், வேகமும் கூடும். ஏப்ரல் 22-இல் பதிந்த இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. மார்ச் 2 அன்று பாதுகாப்புக்காகப் பக்கத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் நாடா சரியான வேகத்தில் இருந்தது. 1992-இல் அதிலிருந்துதான் சரிசெய்தார்கள். கையில் இருப்பது எது என்று சோதிக்க ஸ்ருதிப்பெட்டியை 2 கட்டையில் வைத்து ஸோ வாட்டின் பேஸோடு ஓடவிடுங்கள். இழைந்தால் திருத்திய பதிப்பு. உராய்ந்தால் பழையது. ஆப்களில் இப்போது ஓடுவது திருத்தியதுதான்.

எல்பிக்கு ஒரே எச்சரிக்கை. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளுக்கு உரிமைக் காலம் தீர்ந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள், சிலர் சிடியிலிருந்தே. அட்டையில் '180 கிராம்' என்று கொட்டை எழுத்தில் இருந்து, எந்த நாடாவிலிருந்து வெட்டியது என்று ஒரு வரிகூட இல்லை என்றால் தள்ளிவைத்துவிடுங்கள். கனம் ஒலியைத் தராது. ப்ளூ நோட் என்றால் அவர்களின் டோன் பொயட் மறுபதிப்பு வரிசையை நம்பலாம், மூல நாடாவிலிருந்து நேராக வெட்டியவை.

புதுக்காது:

கடைசியாக ஒன்று. வீட்டில் "பாட்டே இல்லாமல் என்ன பாட்டு கேட்கிறாய்" என்கிறார்கள். குரலோடு எது போடலாம்?

சிம்பல் சத்தம்:

பாடகி சாரா வானும் டிரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுனும் சேர்ந்து 1954-இல் பதிந்த தட்டு. டிரம்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? ராய் ஹேன்ஸ். பாடகிக்குப் பின்னால் பெரும்பாலும் பிரஷ்ஷை வைத்து அடக்கி வாசிக்கிறார். முதலில் 'லல்லபி ஆஃப் பேர்ட்லண்ட்' போடுங்கள், சொல்லை விட்டுவிட்டு வெறும் ஒலியால் குழல்களோடு சாரா மாறி மாறிப் பாடும் இடத்தில் வீட்டுக்காரர்கள் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார்கள். தட்டு முதலில் வெறும் 'சாரா வான்' என்ற பெயரில்தான் வந்தது. அந்தப் பெயரில் தேடினால் நூறு தொகுப்பு வந்து விழும். கிளிஃபர்ட் பிரவுன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மொத்தம் 9 பாட்டு. பத்தாவதாக ஒன்று ஓடினால் அது அதே லல்லபியின் அரைகுறை மாற்றுப் பதிவு, அங்கே நிறுத்திவிடலாம்.